உஷார்! மரப்பெட்டிக்குள் மொண்ணைக் கத்தி

தீபாவளி நெருங்கினால் போதும், செல்போனைத் திறந்த இடமெல்லாம் அந்தப் பெட்டி வந்து நிற்கிறது. வார்னிஷ் அடித்த மரப்பெட்டி, உள்ளே சிவப்பு வெல்வெட். அதில் ஒரு மடக்குச் சவரக்கத்தி, ஒரு முழம்கூட வராத தோல்வார், பச்சை மெழுகுக் கட்டி ஒன்று, பிரஷ், படிகாரத் துண்டு. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள். தலைதீபாவளிக்கு வரும் மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு இதையும் வைத்துவிடலாமா என்று மாமனார்கள் யோசிக்கிறார்கள். தாடி வளர்த்து அலுத்துப்போன பையன்கள், ‘ஒரிஜினல் கத்தியிலயே ஷேவ் பண்ணிப் பார்ப்போம்டா’ என்று ஆர்டர் போடுகிறார்கள்.

போடாதீர்கள். ஏற்கெனவே வீடு வந்து சேர்ந்துவிட்டதென்றால், முகத்தில் வைக்காதீர்கள்.

கத்தி கூர்மையாக இருக்குமே, அறுத்துவிடுமே என்ற பயத்தில் சொல்லவில்லை. ஆபத்து நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பெட்டிகளில் வரும் கத்தி, பத்துக்கு ஒன்பது, வாழைக்காய் நறுக்கக்கூட லாயக்கில்லாத மொண்ணை. சவரத்துக்குத் தயாரான கத்தி தன் எடையிலேயே முடியை வெட்டிக்கொண்டு இறங்கும். கை கூடவே போனால் போதும். மொண்ணைக் கத்தி இறங்காது. இறங்காவிட்டால் நம் கை என்ன செய்யும்? அழுத்தும். தோலோடு படிந்திருக்க வேண்டிய கத்தியை நிமிர்த்தும். அழுத்திய கையும் நிமிர்ந்த கத்தியுமாகத் தாடை எலும்பு வளைகிற இடத்துக்கு வரும்போது ஒரு சறுக்கு சறுக்கினால், முடியை வெட்டாத அதே கத்தி தோலை நன்றாகவே கிழிக்கும்.

வாங்கியவர் அப்போதும் கத்தியைச் சந்தேகப்படுவதில்லை. ‘நமக்குப் பழக்கமில்லை, போகப்போகச் சரியாகிவிடும்’ என்று மறுநாளும் அதையே எடுக்கிறார். இங்கேதான் அலற வேண்டியிருக்கிறது. சரியாகாது ஐயா! அது பழக்கத்தின் கோளாறு இல்லை, இரும்பின் கோளாறு.

சவரக்கத்திக்கு முதுகு என்றும் வாய் என்றும் இரண்டு உண்டு. தடித்த மேல் விளிம்பு முதுகு. வெட்டுகிற விளிம்பு வாய். தீட்டும்போது கத்தியைக் கல்லில் படுக்க வைத்து, முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும்படி தள்ளுவார்கள். வாயின் கோணத்தைத் தீர்மானிப்பது தீட்டுகிறவர் கையல்ல, முதுகின் கனம். நல்ல கத்தியில் அது சுமார் 16, 17 டிகிரிக்கு அமைந்திருக்கும். முதுகு கோணலாக இருந்தாலோ அளவு தப்பியிருந்தாலோ எப்பேர்ப்பட்ட கைகாரராலும் அந்தக் கத்தியைத் தீட்ட முடியாது. மலிவுப் பெட்டிக் கத்தி மெல்லிய தகட்டிலிருந்து அடித்து வெட்டியது. எஃகுக்கு வேண்டிய கடினம் ஏறியிருக்காது. தீட்டினாலும் வாய் நிற்காது.

கையில் ஒன்று இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். ஒரு சமதளமான கண்ணாடித் துண்டின் மேல் கத்தியைப் படுக்க வையுங்கள். பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். முதுகுக்கு அடியிலோ வாய்க்கு அடியிலோ வெளிச்சம் ஒழுகினால் கத்தி வளைந்திருக்கிறது, கதை முடிந்தது. ஒழுகவில்லையா? இப்போது வாயை மேலே பார்க்கும்படி பிடித்து, ட்யூப் லைட் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து கவனியுங்கள். உண்மையிலேயே கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப அங்கே தளமே கிடையாது. வெள்ளைக் கோடாக மின்னினால் மொண்ணை. ஒரே இடத்தில் புள்ளியாக மின்னினால் அங்கே வாய் உடைந்திருக்கிறது. கன்னத்தில் கோடு கிழிப்பது அந்தப் புள்ளிதான். அப்புறம் கத்தியை மெதுவாக மடக்கிப் பாருங்கள். வாய் கைப்பிடியின் ஒரு பக்கத்தில் உரசிக்கொண்டு உள்ளே போனால், ஒவ்வொரு முறை மூடும்போதும் நீங்களே அதை மழுக்குகிறீர்கள்.

முத்திரைகளை நம்பி ஏமாறாதீர்கள். ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்ப்பெயரை அங்கே செய்யாத கத்தியில் பொறிக்கக் கூடாது என்று அந்த நாட்டில் 1938-லிருந்தே சட்டம் இருக்கிறது. அதனால்தான் மலிவுக் கத்திகளில் ‘ஜெர்மன் ஸ்டீல்’, ‘ஜப்பான் ஸ்டீல்’ என்று நழுவலாகப் போட்டிருப்பார்கள். எந்த ஊரில், யார் செய்தது என்று பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் கிடைக்காது. சோலிங்கனின் டோவோ, பிரான்ஸின் தியேர் இஸார் போன்ற உண்மையான கத்திகள், கப்பல் கூலியும் வரியும் சேர்ந்து இங்கே வந்து இறங்கும்போது பத்தாயிரத்தைத் தாண்டும். அறுநூறு ரூபாய்க்கு ஒருவர் அதைத் தருகிறேன் என்றால், தருவது அது இல்லை.

இதில் எனக்கு வயிறு எரிவது ‘டமாஸ்கஸ்’ என்று அலையலையாகக் கோலம் போட்டு விற்கிற கத்தியைப் பார்க்கும்போதுதான். டமாஸ்கஸ் வாளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த எஃகு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண் கலயத்தில் உருக்கி எடுத்தது. கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் அந்த உருக்குத் தொழிலின் தடயங்களைக் கண்டெடுத்திருக்கிறார்கள். லண்டனில் கத்தி வியாபாரம் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இந்த இந்திய எஃகில்தான் சவரக்கத்தி செய்வேன் என்று விளம்பரமே போட்டார். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே அவரோடு சேர்ந்து இதன் ரகசியத்தைத் துருவி, 1820-லும் 1822-லும் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். அப்பேர்ப்பட்ட சரக்கின் பெயரை, தகட்டின் மேல் அமிலத்தால் கோலம் போட்டுவிட்டு நம்மிடமே விற்கிறார்கள். கத்தியின் முதுகைப் பாருங்கள். பக்கவாட்டில் ஓடும் அலை முதுகிலும் தொடர்ந்தால் ஏதோ அடுக்கு எஃகு என்றாவது சொல்லலாம். முதுகில் வழுவழுவென்று ஒன்றுமில்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

சரி, புதுசு வேண்டாம், பழசு வாங்குவோம் என்று மதுரை திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் கிளம்புகிறவர்களுக்கு இன்னொரு உஷார். இங்கிலாந்தின் பழைய ஷெஃபீல்டு கத்திகளின் எஃகு அருமையானதுதான், மறுக்கவில்லை. துரு முதுகில் இருந்தால் தேய்த்துவிடலாம். வாயோரத்தில் ஊசி குத்தியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்; துரு உள்ளே தின்றிருக்கும், தீட்டத் தீட்ட உடையும். ஆமையோட்டு நிறத்தில் அழகாக மின்னும் பழைய கைப்பிடி செல்லுலாய்டாக இருக்கலாம். அது காலப்போக்கில் சிதையும்போது வெளிவிடும் அமில ஆவி கத்தியையே துருவேற்றும். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் வேறு. வெயில் நாற்பதைத் தொடும் மதுரையில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் பீரோவில் அதைப் பூட்டி வைப்பது நல்ல யோசனை இல்லை. கைப்பிடி தந்தம் என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் இன்னும் வேகமாக நடையைக் கட்டுங்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தந்தம் விற்றவரோடு வாங்கியவரும் உள்ளே போக வேண்டியதுதான்.

புதுசோ பழசோ, வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: இதை யார் தீட்டுவது?

மதுரையில் இதற்குப் பதில் கிடைப்பது கஷ்டம். ஒரு காலத்தில் அடப்பப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சவரம் செய்ய வீடு வீடாக வந்த பெரியவர்களிடம் கத்தி, தீட்டுக்கல், தோல்வார் மூன்றும் இருந்தன. 1986-ல் சென்னையில் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. அதற்கப்புறம் பரவிய பயத்தில் சலூன்கள் பிளேடை ஒடித்துச் செருகும் கத்திக்கு மாறின. அது சரியான மாற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் தீட்டுகிற கை அதோடு போய்விட்டது. இன்று மேலூரிலோ உசிலம்பட்டியிலோ எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாத்தாவுக்கு அந்த வித்தை தெரிந்திருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். அவர் காலில் விழுந்தாவது கற்றுக்கொள்ளுங்கள்.

ஆள் கிடைக்கவில்லை என்று தெருவில் சக்கரத்தை மிதித்துக்கொண்டு வரும் சாணைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர் அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் கெட்டிக்காரர். சவரக்கத்தியின் வாய் காகிதத்தைவிட மெல்லியது. சுற்றுகிற சாணையில் அது பட்டதும் பொறி பறக்கும். அந்தச் சூட்டில் வாயோரம் முதலில் வைக்கோல் நிறம், பிறகு நீலம். நீலம் ஓடிவிட்டதென்றால் எஃகின் பதம் அங்கே இறங்கிவிட்டது என்று அர்த்தம். திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடிக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனாலும் இதே கதிதான். திருப்பாச்சி அரிவாளின் பெருமை ஊரறிந்தது; அதன் பதம் கட்டையையும் கிளையையும் போட்டுத் தள்ளுவதற்கு. கன்னத்துக்கு வேண்டிய பதம் வேறு.

நீங்களே தீட்டுவதென்றால் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கற்கள் வேண்டும்: 1000-ல் தொடங்கி, நாலாயிரம், எட்டாயிரம், கடைசியில் 12,000 வரை நைஸ் கூடிக்கொண்டே போகும் வரிசை. கல் தேய்ந்து குழிவிழுந்தால் அதைச் சமன்செய்ய இன்னொரு கல். செலவு கத்தி விலையைத் தாண்டிவிடும். பெட்டியில் வந்த பச்சை மெழுகு இதற்கெல்லாம் மாற்று என்று யாராவது வீடியோவில் சொன்னால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுங்கள். கூரான கத்தியை மெருகேற்றுவதற்குத்தான் மெழுகு. மொண்ணையைக் கூராக்க அதனால் ஆகாது.

தோல்வாரிலும் ஏமாற்று உண்டு. பெட்டியில் வருவது பெரும்பாலும் ரெக்சின், அல்லது இழுத்தால் நீளும் மெதுமெதுப்பான குரோம் தோல். இழுத்துக் கட்டிய வார் நடுவில் தொய்ந்தால் வாய் அதில் மடிந்து மழுங்கும். வேண்டியது தாவரப் பட்டையில் பதனிட்ட, நீளாத, கெட்டித் தோல். அதற்கு ஜெர்மனிக்குப் போக வேண்டாம். ஆவாரம் பட்டையில் பதனிடுவது நம் பக்கத்து வித்தை. திண்டுக்கல்லில் தோல் தொழில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. மூன்று அங்குல அகலம், ஒன்றரை அடிக்குக் குறையாத நீளம், மேலே வடு இல்லாத வழுவழுப்பு. இதைக் கேட்டு வாங்குங்கள். இடுப்பு பெல்ட்டைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டித் தீட்டுவது சினிமாவில் நன்றாக இருக்கும்.

வாரில் தீட்டுவதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவின் அண்ணன் ஜான், 1842 ஜனவரி முதல் தேதி சவரக்கத்தி தீட்டும்போது விரலில் சின்னதாக வெட்டிக்கொண்டார். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜனவரி 11-ம் தேதி வாய்ப்பூட்டு ஜன்னி கண்டு, தம்பியின் கையிலேயே உயிர் போனது. இன்று அதற்கு டெட்டனஸ் தடுப்பூசி இருக்கிறது. கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? கத்திக்கு ஆர்டர் போடும் முன் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் புதிதாகத் தொடங்குகிறவர் எதைத்தான் வாங்குவது? என் அபிப்பிராயம், சலூனில் நீங்கள் தினமும் பார்க்கிற அதே பாதி பிளேடு கத்தியை. வெளிநாட்டில் தீட்டும் கத்தியில் பழகியவர்கள் சிலர் முறைப்பார்கள். செருகு பிளேடு முரட்டுத்தனமானது, நன்றாகத் தீட்டிய நிஜக் கத்தி அதைவிட மிருது என்பார்கள். உண்மைதான். ஆனால் நன்றாகத் தீட்டிய கத்திதானே நமக்கு இங்கே கிடைக்கவில்லை! கூர்மைக்கு உத்தரவாதமுள்ள முரடு, உத்தரவாதமில்லாத அழகைவிட மேல். அதற்கும் முன்னால் ஆறு மாதம் சாதாரண இரட்டை வாய் பிளேடு ரேசரில் பழகி, முகத்தில் எந்தப் பக்கம் முடி எப்படிப் படுத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டவர்களுக்குக் காயம் குறையும்.

மாசி வீதிகளைச் சுற்றியுள்ள மொத்தக் கடைகளில் தேடுங்கள். நேரில் எடுத்துப் பார்த்து வாங்கலாம் என்பதே பெரிய லாபம். பிளாஸ்டிக் பிடி வேண்டாம். ஸ்டீலில், கொஞ்சம் எடையாக, மடக்கும் ஆணி ஆடாததாகப் பாருங்கள். கடைக்காரரிடம் ஒரு பிளேடைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிளேடின் வாய் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே அளவு வெளியே நீட்ட வேண்டும்; ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய என்றால் வேண்டாம். இரண்டு மூலைகளும் உறைக்குள் மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். காது மடலையும் உதட்டோரத்தையும் குத்துவது அந்த மூலைகள்தான். பூட்டிய பிறகு பிளேடு துளியும் அசையக் கூடாது. வாங்கிய கையோடு பக்கத்திலிருக்கும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போகலாம் என்று நினைக்காதீர்கள். கோபுர வாசல் சோதனையில் பையைத் திறந்து காட்டி, இது சவரம் செய்ய என்று போலீஸ்காரரிடம் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

பிளேடை எப்போதும் காகித உறையோடு நீளவாக்கில் மடக்கி ஒடியுங்கள். டக்கென்று சத்தம் வரும், இரண்டு பாதியும் காகிதத்துக்குள்ளேயே கிடக்கும். உறையைப் பிரித்துவிட்டு வெறும் பிளேடை விரலில் ஒடிக்கிறவர்கள் ஒரு நாள் விரலையும் சேர்த்து ஒடிப்பார்கள். தொடங்கும்போதே ஜப்பானின் ஃபெதர் வேண்டாம், அது மிகமிகக் கூர். நம் டோப்பாஸ், செவன் ஓ’கிளாக் போதும். ஒரு பாதியில் ஒரு சவரம். அடுத்த தடவை அடுத்த பாதி. முகத்தில் வைப்பதற்கு முன்னால் பலூன். ஊதிக் கட்டி, நுரை பூசி, பலூன் வெடிக்காமல் நுரையை வழித்தெடுக்கப் பழகுங்கள். வெடித்தால் உங்கள் கை அழுத்துகிறது என்று அர்த்தம்.

சோப்பில் காசைக் கொட்டும் முன் தண்ணீரைப் பாருங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் ஆயிரம் ரூபாய் சோப்பும் நுரைக்காது. தண்ணீரிலுள்ள கால்சியம் சோப்பைப் பிடித்துத் திரியாக்கிவிடும். நுரை இல்லாத கன்னத்தில் கத்தி இழுப்பது நேராகக் காயத்துக்குப் போகும் வழி. ஒரு டம்ளர் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், சாதாரண சோப்பே பொங்கும். பிரஷ் செயற்கை இழையில் போதும். முதல் உலகப் போர்க் காலத்தில் சுத்தம் செய்யாத குதிரைமுடி பிரஷ்களால் சிப்பாய்களுக்கு ஆந்த்ராக்ஸ் வந்து செத்திருக்கிறார்கள். சந்தையில் கிடைக்கும் புராதன பிரஷ்ஷைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், கன்னத்துக்கு வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், காயம் பட்ட இடமெல்லாம் தழும்பு மேடாக வளரும் உடம்புக்காரர்கள் இந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. மற்றவர்களும் கொசு கடித்துத் தடித்த இடத்திலோ பருவிலோ கத்தியை ஓட்டாதீர்கள். எகிப்து மன்னன் துத்தன்காமனின் கல்லறையைத் தோண்டப் பணம் போட்ட கார்னார்வான் பிரபு, கன்னத்தில் கொசு கடித்த இடத்தைச் சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டு, அது சீழ் பிடித்து, ரத்தத்தில் விஷமேறி 1923 ஏப்ரல் 5-ல் கெய்ரோவில் இறந்தார். மம்மியின் சாபம் என்று பத்திரிகைகள் எழுதின. கொசுவுக்கு மதுரையிலும் பஞ்சமில்லை. வெட்டு சிவந்து சூடாகி வீங்கினால் படிகாரம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்பா, மகன், தம்பி மூவருக்கும் ஒரே பிளேடு என்பது கூடவே கூடாது. ஹெப்பட்டைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஒரு வாரம்கூட உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற அளவு ரத்தம் வேண்டுமென்பதில்லை. ஆளுக்கொரு கத்தி இல்லாத வீட்டில் ஆளுக்கொரு பாதி பிளேடாவது இருக்கட்டும், மாற்றுவதற்கு முன் பிடியை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

கத்தி கை நழுவினால் பிடிக்கப் போகாதீர்கள். காலை விலக்குங்கள், விழட்டும். பாத்ரூமில் கரன்ட் போனால் கத்தியை முகத்திலிருந்து எடுத்துவிட்டு அப்படியே நில்லுங்கள். முடிந்தவரை பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரமாகக் கண்ணாடி மாட்டுவது உத்தமம்.

கழித்த பிளேடைக் குப்பைக் கவரில் போடாதீர்கள். காலையில் அந்தக் கவரை வாங்கிக் கையால் பிரிக்கப் போகிறவர் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர். பல நேரம் அவர் கையில் உறை இருக்காது. மூடி போட்ட ஒரு பவுடர் டப்பாவில் பிளேடு நுழையும் அளவு கீறிவிட்டு, ஒவ்வொன்றாக அதில் போட்டு வாருங்கள். நிறைய மாதக்கணக்காகும். நிறைந்ததும் கீறலின் மேல் டேப் ஒட்டி, மேலே ‘பிளேடு’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, ‘அக்கா, இதுல பிளேடு இருக்கு, பாத்து’ என்று சொல்லி அவர் கையில் தனியாகக் கொடுங்கள்.